ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதாமே!

சின்ன கேஸ்தாங்க, ஃபைனைக் கட்டிட்டுப் போயிட்டே இருங்க.

இதைச் சொல்லாத ஆளே பாக்கி இல்லை. ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். ஏட்டய்யா சொன்னார். கோர்ட் வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவர், நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார். அக்கா வீட்டு மாடியில குடியிருக்கிற ரிட்டயர்டு தாசில்தாரும் சொன்னார். (அவர் எதைப் பத்தி வேணும்னாலும் சொல்வார், அதை விடுங்க.) எல்லாருக்கும் பையன் மேல அக்கறைதான், இல்லேங்கலை. ஆனா கட்டினதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு அதுல ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

பையன்னா என் அக்கா பையன். டிகிரி முடிச்சிட்டு வேலைக்குப் படிக்கிறான். என்ன வேலைக்கு? போலீஸ் வேலைக்கு. சிரிச்சு முடிச்சிட்டீங்களா? சரி, மேல சொல்றேன். விடியற்காலையில கிரவுண்டுல ஓட்டம், கயிறு ஏறுற பயிற்சி, சாயந்திரம் கோச்சிங் சென்டர்னு ஒழுங்காத்தான் போயிட்டிருந்தது. நடுவுல ஒரு ஃப்ரெண்டுக்குப் பிறந்தநாள் வந்து தொலைச்சது. இப்போ பிறந்தநாள்னா வீட்டுல பாயசம் வச்சுக் கோயிலுக்குப் போறதா? நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நடுத்தெருவுல, பைக் சீட்டு மேல கேக்கை வச்சு வெட்டணும். வெட்டின கேக்கைத் திங்கக் கூடாது, மூஞ்சியில அப்பணும். ஸ்நோ ஸ்ப்ரே, தலையில முட்டை, விசில். மொட்டை மாடின்னு ஒண்ணை எதுக்குடா கட்டி வச்சிருக்கோம்?

தெருவுல யாரோ 100-க்கு போன் பண்ணியிருக்காங்க. பண்ணினவர் மேல எனக்குக் கோபமே கிடையாது. வயசான அப்பாவைத் தூங்க வைக்க முடியாம ராத்திரி ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினவனுக்குத்தான் அந்த விசிலோட அருமை தெரியும். பேட்ரோல் வண்டி வந்தது, பசங்களை அள்ளிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு அதட்டு அதட்டி, அப்பா அம்மாவை வரச் சொல்லி, விடிஞ்சதும் அந்தத் தெருவையே கூட்ட வச்சிருந்தா நானே போய் சல்யூட் அடிச்சிருப்பேன். தெருவெல்லாம் முட்டை ஓடு!

ஆனா கேஸ் போட்டாச்சு.

என்ன கேஸ்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கத்தான் பட்ட பாடு. அக்கா அந்த நேரத்துல நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கா.

"சார், என் பையனை எதுக்கு அரெஸ்ட் பண்ணியிருக்கீங்க?"

"அரெஸ்ட்லாம் இல்லம்மா. சும்மா விசாரணைக்குத்தான்."

அரெஸ்ட் இல்லையாம். பெஞ்சுல உட்கார வச்சாச்சு, போனை வாங்கி மேஜை டிராயர்ல போட்டாச்சு, பாத்ரூம் போகணும்னாலும் கேட்டுட்டுத்தான் போகணும். ஆனா அரெஸ்ட் இல்லை! இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனிச்சீங்களா? அரெஸ்ட்னு சொல்லிட்டா மெமோ எழுதணும், அதுல சாட்சி கையெழுத்து வேணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், காரணம் சொல்லணும். காரணம் சொல்லணும்கிறது அரசியல் சாசனம் 22-வது பிரிவுலயே இருக்கு. மீதியெல்லாம் டி.கே.பாசு வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்தக் கட்டளைகளைப் பல ஸ்டேஷன் சுவத்துல போர்டாவே எழுதி மாட்டியிருப்பாங்க. விசாரணைன்னு சொல்லிட்டா போர்டு பாட்டுக்கு போர்டு, நாம பாட்டுக்கு நாம.

விடியற நேரத்துக்கு அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் பையனை அனுப்பினாங்க. அப்பவும் விடாம கேட்டிருக்கா, என்ன கேஸ் சார்னு.

"75 போட்டிருக்கும்மா."

பஸ் நம்பர் மாதிரி. 75-ல ஏறினா எங்கே கொண்டு போய் இறக்கி விடுவான்னு அந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்? அடுத்த கேள்வி கேட்கிறதுக்குள்ளதான் அந்த வேதவாக்கு வந்துடுச்சே: சின்ன கேஸ்தாம்மா, ஃபைனைக் கட்டிட்டுப் போயிட்டே இருங்க.

நான் உட்கார்ந்து தேடினேன். இது மாநகரக் காவல் சட்டம், 1888. வருஷத்தைத் திரும்பப் படிங்க. ஹைகோர்ட்டோட சிவப்புக் கட்டடம் திறந்ததே 1892-லதான். மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓடினது 1895-ல. அதுக்கெல்லாம் முந்தின சட்டம் இது. அதோட 75-வது பிரிவு, பொது இடத்துல குடிச்சிட்டு ரகளை பண்றது, கலாட்டா, அநாகரிகமா நடந்துக்கிறது எல்லாத்தையும் ஒரே கோணிப்பைக்குள்ள போட்டு வச்சிருக்கு. குடிகாரனும் அதுதான், கேக் வெட்டினவனும் அதுதான். வெள்ளைக்காரன் தச்ச கோணிப்பை, இன்னைக்கும் வாய் கட்டுறதுக்குக் கச்சிதமா இருக்கு.

இதோட விட்டாங்களேன்னு அக்கா கோயில்ல தேங்காய் உடைக்கணுமாம், பிறகு கோர்ட்ல பார்த்த ஒரு வக்கீலம்மா சொன்னாங்க. ஸ்டேஷன்ல எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா '294(பி)' வந்திருக்கும், இப்போ புது தண்டனைச் சட்டத்து நம்பர்ல 296(பி). பொது இடத்துல ஆபாசமாப் பேசுறது. மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்லேன்னா ரெண்டும். நம்ம ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர். எதையாவது எடுத்துப் பாருங்க, 294(பி), 323, 506(2)-னு வரிசையா நிக்கும். தெருச் சண்டையில யாராவது சுத்தத் தமிழ்ல திட்டுவாங்களா? வெறும் வசவு அந்தப் பிரிவுல வராது, கேட்கிறவங்க மனசுல காம உணர்வைத் தூண்டுற மாதிரி இருந்தாதான் வரும்னு சுப்ரீம் கோர்ட் 2022-ல சொல்லிடுச்சு. அதுவும் நம்ம ஹைகோர்ட்லேர்ந்து மேல போன வழக்குல. சொல்லி என்ன? நம்பரை மட்டும் 2024 ஜூலை 1-ம் தேதி மாத்திக்கிட்டாங்க. இன்னும் கொஞ்சம் கையை நீட்டிப் பேசியிருந்தா, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாம தடுத்தது. அது ஜாமீன்ல விட முடியாத பிரிவு. நியாயம் கேட்கிறவன் எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தணும், புரியுதா?

குடிபோதையில பொது இடத்துல வம்பு பண்றதுக்கு இன்னொரு பிரிவு, புது சட்டத்துல 355. இருபத்து நாலு மணி நேரம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் ஃபைன், இல்லேன்னா சமூக சேவை. பழைய சட்டத்துல இதுக்கு உச்சபட்ச ஃபைன் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய். சமூக சேவைங்கிறது நல்ல யோசனைதான். நான் சொன்னேனே, தெருவைக் கூட்ட விடுங்கன்னு? அதேதான். ஆனா பாருங்க, குடிச்சிட்டு வம்பு பண்றவனுக்கு அந்த வழி இருக்கு. குடிக்காம கேக் வெட்டினவன் 1888-க்குப் போகணும்.

குடின்னதும் ஞாபகம் வருது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடையைத் திறந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் விக்கிறது யாரு? 2003-லேர்ந்து சில்லறை வியாபாரம் மொத்தமும் அரசாங்கத்தோட கையில. பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிட்டு, பத்தரைக்கு அதே வாடிக்கையாளரை ஓரமா நிறுத்தி ஊதச் சொல்றதும் அதே அரசாங்கம்தான். விக்கிறதும் நானே, பிடிக்கிறதும் நானே. நான் ஒண்ணும் சொல்லலை சாமி.

சரி, நடுரோட்டுல கேக் வெட்டினது தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீரவே மாட்டேங்குது. தலைவர் பிறந்தநாளுக்கு எங்க ஏரியாவுல மெயின் ரோட்டை அடைச்சுப் பந்தல் போடுவாங்க. எந்தத் தலைவர்னு கேட்காதீங்க, எல்லாத் தலைவர்களும்தான். கூம்பு ஸ்பீக்கர் காலையில ஆறு மணிக்கே பாட ஆரம்பிச்சிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கா, ஹார்ட் பேஷன்ட் இருக்காங்களான்னு எவன் கேட்டான்? சரவெடி. ஆள் உயரக் கேக். அதையும் நடுரோட்டுலதான் வெட்டுறாங்க! வெட்டி, வட்டச் செயலாளர் வாயில மாவட்டம் ஊட்ட, மாவட்டம் வாயில வட்டம் ஊட்ட, போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் ஆம்புலன்ஸே சுத்திக்கிட்டுத்தான் போகும். அங்கேயும் போலீஸ் வரும். வந்து, நம்மளை 'அந்தப் பக்கம் போங்க சார், அந்தப் பக்கம் போங்க'னு விரட்டிட்டு பந்தோபஸ்து கொடுக்கும். அவங்களுக்கும் ஒரு துண்டு கேக் தட்டுல வரும். அந்த 75 அங்கே மட்டும் ஏன் நிக்காமப் போயிடுது?

பைக் சீட்டு மேல வச்சா குற்றம், மேடை மேல வச்சா விழா. கேக் ஒரே கேக்தான்யா.

கோர்ட் சம்மன் வந்தது. கூடப் போனேன். வராண்டா முழுக்க நம்ம கேஸ் மாதிரிதான். பிளாட்பாரத்துல தூங்கினவர், ராத்திரி பதினொண்ணுக்கு மேல டீக்கடையைத் திறந்து வச்சிருந்தவர், முந்தின வாரம் குடிச்சது இன்னும் முழுசா இறங்காதவர். பேர் கூப்பிட்டாங்க, உள்ளே போனாங்க, வெளியே வந்தாங்க. நான் கதவோரம் நின்னு பார்த்தேன்.

"குற்றத்தை ஒப்புக்கிறீங்களா?"

"ஆமாங்கய்யா."

அவ்வளவுதான். அடுத்த பேர். நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை, அந்த மேஜை மேல இருந்த கட்டுகளைப் பார்த்தா யாருக்கும் வராது. ஆனா அந்த 'ஆமாங்கய்யா'வோட எடை என்னன்னு உள்ளே போனவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சிக்னல்ல ஹெல்மெட் இல்லாம மாட்டி ரசீது வாங்கின மாதிரி நினைச்சுக்கிட்டுத்தான் வெளியே வர்றாங்க. அது ரசீது இல்லைங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டுக் கட்டினா, அது கன்விக்‌ஷன். கோர்ட்ல குற்றவாளின்னு தீர்ப்பாகி, தண்டனையா ஃபைன் கட்டியிருக்கான்னு அர்த்தம். பணம் சின்னது; எழுதி வச்ச தீர்ப்பு அங்கேயே இருக்கும்.

இதை எங்களுக்குச் சொன்னது அந்த வக்கீலம்மா. அக்காவோட ஸ்கூல்ல படிச்சவங்க, தற்செயலா வராண்டாவுல பார்த்து, "நீ எங்கேடி இங்கே?"ன்னு கேட்டதால தெரிஞ்சது. தற்செயலா! அவங்க அன்னைக்கு அந்தப் பக்கமா வரலைன்னா? எங்க பையனும் 'ஆமாங்கய்யா' சொல்லியிருப்பான். அவனோட கூட்டாளிங்க எல்லாரும் சொல்லிட்டு, கட்டிட்டு, பிரியாணி சாப்பிடப் போயாச்சு.

அவங்க கேட்ட முதல் கேள்வியே வேற மாதிரி இருந்தது. "என்ன பிரிவுன்னு பேப்பர்ல பார்த்தீங்களா? எஸ்.டி.சி. நம்பர் என்ன? அவன் என்ன பண்ணினதா எழுதியிருக்காங்க?" நாங்க முழிச்சோம். பேப்பரை வாங்கிப் பார்த்தா, கேக்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. பொதுமக்களுக்கு இடையூறா, சத்தம் போட்டு, ரகளையில ஈடுபட்டதா ரெண்டு வரி. பேரை மட்டும் மாத்தினா யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். எனக்கே பொருந்தும், வேர்ல்ட் கப் பார்க்கிறப்போ.

அப்புறம் அவங்க விளக்கினாங்க. கேஸை நடத்தலாம், சாட்சி வந்து சொல்லட்டும். இல்லை, ஒப்புக்கிறதுன்னே முடிவு பண்ணினாலும், சும்மா போய் ஃபைன் கட்டக் கூடாது. 1958-லேர்ந்தே நன்னடத்தைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. முதல் தடவை தப்பு பண்ணின சின்னப் பையன்னா, கண்டிச்சு மட்டும் அனுப்புங்கன்னு கேட்கலாம். அப்படி அனுப்பினா, தண்டனையால வர்ற தகுதியிழப்பு அவனுக்கு வராதுன்னு அதே சட்டத்தோட 12-வது பிரிவு சொல்லுது. எப்படி இருக்கு பாருங்க! அறுபது வருஷத்துக்கும் மேல ஒரு கதவு திறந்தே இருக்கு. வாசல்ல நிக்கிற அத்தனை பேரும் சேர்ந்து நம்மளை ஜன்னல் வழியா ஏறச் சொல்றாங்க. வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கு, 15100-னு ஒரு போன் நம்பர்கூட இருக்கு. வராண்டாவுல நின்னவங்கள்ல யாருக்காவது அது தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்களா?

இதுக்கே இவ்வளவு புலம்பலான்னு நீங்க கேட்கலாம். போலீஸ் வேலைக்குப் படிக்கிற பையன்னு சொன்னேனே. நம்ம மாநிலத்துக் காவலர் பணி விதிகள்ல ஒரு விளக்கம் இருக்கு: ஒருத்தர் மேல கேஸ் இருந்து, சந்தேகத்தோட பலன்ல விடுதலை ஆகியிருந்தாலும், அவர் குற்ற வழக்குல சம்பந்தப்பட்டவர்தான். 2008-ல ஹைகோர்ட் முழு அமர்வும் அதைச் சரின்னுடுச்சு. விடுதலை ஆனவன் கதியே இதுன்னா, 'ஆமாங்கய்யா' சொல்லிட்டுக் கட்டினவன் கதி? அவனோட கையில விலங்கு மாட்டாம அனுப்பின அதே டிபார்ட்மென்ட்தான், நாளைக்கு வெரிஃபிகேஷனுக்கு அதே ரெஜிஸ்டரைப் புரட்டும். 'சின்ன கேஸ்'னு சொன்ன ஏட்டய்யா அப்போ பக்கத்துல இருந்து, "சார், நான்தான் சும்மா கட்டச் சொன்னேன்"னு சாட்சி சொல்வாரா?

தாசில்தார் இதுக்கும் ஒரு வழி வச்சிருந்தார். "ஃபார்ம்ல எழுதாதீங்க, எவன் பார்க்கப் போறான்?" அய்யா, கையெடுத்துக் கும்பிடுறேன், வாயை மூடுங்க. கேஸைவிட மறைச்சதுக்குத்தான் வேலை போகுது. அவதார் சிங் வழக்குல 2016-ல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் அலசியிருக்கு. சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரியான அற்ப கேஸ்னா, மறைச்சதைக்கூட வேலை கொடுக்கிறவங்க மன்னிச்சு விடலாம்னு சொல்லுது. விட'லாம்'. விடணும்னு இல்லை. அந்த லாமைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பசங்க ஹைகோர்ட் படி ஏறி இறங்குறாங்களோ.

பத்து பேர் செஞ்சா குற்றம், பத்து லட்சம் பேர் செஞ்சா? அதுக்கும் நம்மகிட்ட விடை இருக்கு. கொரோனா ஊரடங்கை மீறினதா போட்ட கேஸ் சுமார் பத்து லட்சம். 2021 பிப்ரவரியில, தேர்தல் நெருங்குற நேரத்துல, மொத்தமா வாபஸ்னு அறிவிச்சாங்க. நல்ல காரியம்தான், நான் கைதட்டினேன். பால் வாங்கப் போனவனெல்லாம் குற்றவாளியா? ஆனா வருஷம் பூரா ஒண்ணு ஒண்ணா மாட்டுறவனுக்கு அந்தக் கருணை கிடையாது. எங்க பையன் கூட்டம் சேர்த்துக் கேக் வெட்டினான்னு கேஸ் போட்டாங்க. அவன் பண்ணின தப்பு, போதுமான கூட்டம் சேர்க்காததுதான் போல.

போன வாரம் அவனோட ஃப்ரெண்ட் எனக்கு போன் பண்ணினான். பிறந்தநாள் கொண்டாடினானே, அவனேதான். மத்திய அரசு வேலை ஒண்ணுக்குத் தேர்வாகியிருக்கான், சந்தோஷம். ஃபார்ம் நிரப்பிட்டிருக்கானாம்.

"மாமா, இதுல கைதானீங்களா, வழக்கு நடந்துச்சா, தண்டிக்கப்பட்டீங்களான்னு வரிசையாக் கேட்கிறான். நடுவுல கோர்ட்ல அபராதம் கட்டினீங்களான்னு தனியா ஒரு கேள்வி இருக்கு. நம்ம கேஸ் அதுல வராதுல்ல?"

என்ன சொல்றது அந்தப் பிள்ளைக்கு? வரும்டா தம்பி, அதுல மட்டும் இல்லை, மேலயும் கீழேயும்கூட வரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் வக்கீலம்மா நம்பர் கேட்டான். அனுப்பினேன்.

எங்க கேஸ்ல வாய்தா மேல வாய்தா. அக்காவுக்குத்தான் பொறுக்கலை. வக்கீலுக்குக் கொடுக்கிறது ஃபைனைவிடப் பல மடங்கு ஆயிடுச்சேடான்னு கணக்குப் போட்டுக் காட்டுறா. ஏட்டய்யா வேற வழியில பார்க்கிறப்பல்லாம், "என்னம்மா, இன்னுமா முடிக்கலை?"ன்னு பாசமாக் கேட்கிறாராம். பையன் காலையில ஓடுறதை மட்டும் நிறுத்தலை. அவன் ஓடுற கிரவுண்டுக்கு எதிர்ல இந்த வாரம் ரோட்டுல பள்ளம் தோண்டிக் கம்பு நடுறாங்க. ஏதோ ஒரு தலைவருக்குப் பிறந்தநாளாம்.

செவ்வாய்க்கிழமை அடுத்த வாய்தா. நானும் போகணும், ஆபீஸ்ல லீவு எழுதணும். எங்க லீவு ஃபார்ம்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. குடும்ப விழான்னு எழுதிடவா? பிறந்தநாள்லதானே ஆரம்பிச்சது.